பின்வரிசை பீன்ஸ்

பின்னால் கைவிட்டு எடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பெரிய கடை எங்களுடையது. பால், பருப்பு, சோப்பு, துடைப்பம் என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். அதில் காய்கறிப் பிரிவு என் பொறுப்பு. வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது என் காய்கள்தான். அதைப் பார்த்து மனுஷனுக்குப் பசி எடுக்க வேண்டும். பசி எடுத்தால்தான் கூடை நிறையும். அதனால் தக்காளிக்குப் பக்கத்தில் நான் கேரட்டை வைக்கவே மாட்டேன். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் நிறத்தை மற்றது அமுக்கிவிடும். நடுவில் பீன்ஸோ வெள்ளரியோ வந்தாக வேண்டும். கத்தரிக்காயின் காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். எலுமிச்சையைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கண் களைக்கிற இடத்தில் ஒரு கூடை வைத்தால் போதும். காலையில் கடை திறப்பதற்கு முன் நாலடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பேன். அந்த நேரத்தில் யாராவது என்னைக் கூப்பிட்டால் எரிந்து விழுவேன். கடையில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் மேல் ஒரு சட்டம் உண்டு. பழசு முன்னால், புதுசு பின்னால். நேற்று வந்தது இன்று போனால்தான் இன்று வந்தது நாளைக்கு நிற்கும். இல்லாவிட்டால் பாதிக் காய் குப்பைக்குத்தான் போகும். இதிலே என்ன அநியாயம் இருக்கிறது? ஆனால் சில பேருக்கு முன்னால் இருப்பதைப் பார்த்தாலே சந்தேகம். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, அடியில் இருப்பதை உருவுவார்கள். மேலே இருப்பது மொத்தமும் சரியும். நான் காலையில் கட்டின கோபுரம் தரையில் உருளும். "ஐயோ, சாரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கே தலைவி ஒருவர் இருந்தார். பேர் தெரியாது. பின்வரிசை அம்மா என்று நானே பேர் வைத்திருந்தேன். தினமும் வருவார். பீன்ஸ் பக்கம் போய், பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் படக்கென்று ஒடிப்பார். பிடித்தால் வாங்குவார். பிடிக்கவில்லை என்றால் ஒடிந்த இரண்டு துண்டையும் தக்காளி மேல் வைத்துவிட்டுப் போவார். தக்காளி மேல்! அவருக்காகவே ஒரு பலகை எழுதி வைத்தேன்: 'பீன்ஸை ஒடித்துப் பார்க்காதீர்கள். காய்க்கும் வலிக்கும்.' அவர் அதை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, பலகையை நகர்த்தி வைத்துவிட்டுக் கையை விட்டார்.

எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பழசு முன்னால், புதுசு பின்னால். விற்காமல் வதங்கின காயைக் கடையில் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்து வருவேன். அடிபட்ட தக்காளி, துவண்ட கீரை, தோல் சுருங்கின வெள்ளரி. வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"நம்ம வீட்டுக்குக் காயெல்லாம் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் வருது" என்பாள் என் மனைவி.

ஆனால் அவள் கை பட்டால் ரிட்டயர் ஆன காயும் எழுந்து உட்காரும். தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல். அங்கே பாத்திரம் கழுவுகிறவர்கள் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. மாற்றுச் சாவி மேலாளரிடம் இருந்தாலும், கேன்டீன் ஸ்டோர் ரூம் சாவி எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மாட்டாள். அவளுடைய மூக்கு இருக்கிறதே, அது மூக்கில்லை, நீதிமன்றம். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒருதரம் மூச்சை இழுப்பாள். "பின்னாடி தட்டுல இருக்கிற கீரை இன்னிக்கு ராத்திரி தாண்டாது. பால் சரியா இருக்கு. அந்த டப்பாவ மட்டும் திறக்காம அப்படியே தூக்கிப் போடுங்க." அப்பீல் கிடையாது. நான் பெருமையாக நடத்தின பழசு புதுசுச் சட்டம் முழுக்க அந்த மூக்கை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்போது என் மரமண்டைக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற மாதிரிக் காய்ச்சல்தான். படுத்தாள், எழுந்தாள். எழுந்த அன்று காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"காபித் தூள் போட மறந்துட்டீங்களா? வெறும் சுடுதண்ணியா இருக்கு."

நான் குடித்துப் பார்த்தேன். கசக்கிற அளவுக்குத் தூள் போட்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பூண்டை உரித்து முகர்ந்தாள். சோப்பை முகர்ந்தாள். மண்ணெண்ணெயில் நனைந்த துணியை முகர்ந்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் நல்லவர்தான், மறைக்காமல் சொன்னார். வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் மெதுவாக வரும். எலுமிச்சை, கிராம்பு என்று நாலைந்து சிமிழ்களைக் கொடுத்துக் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். அவள் முகர்ந்தாள். ஒவ்வொரு தடவையும் சிமிழை மூடும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

"உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் சுடுது" என்பாள். "ஆனா என்ன திங்கறேன்னு தெரியல. எதைத் தின்னாலும் அட்டையைத் திங்கற மாதிரி இருக்கு."

அப்படியே சாப்பாடு குறைந்தது. கன்னம் ஒட்டிப்போனது. வீட்டில் சமைத்தாள், கடனே என்று. நானும் அவளுடைய தம்பியும் சாப்பிடுவோம். என் மச்சான் எங்களோடுதான் இருக்கிறான், நகரப் பேருந்து ஓட்டுகிறான், வாய்க்கு வாய் பேசுவான். அவன்கூட அந்த நாட்களில் வாயைத் திறக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்திருக்கும். "பிரமாதம்" என்பேன். ரொட்டி தீய்ந்திருக்கும். "பிரமாதம்" என்பேன். "ஆமாக்கா, பிரமாதம்" என்பான் அவனும். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

கேன்டீனில் அவள் உண்மையைச் சொல்லவில்லை. காய்ச்சல் அசதி என்று மட்டும் சொல்லி விடுப்பை நீட்டிக்கொண்டே போனாள். மேலாளர் போன் செய்து, "மாஸ்டர், திங்கட்கிழமை வந்துடுவீங்கல்ல? இல்லன்னா நான் வேற ஆள் பார்க்கணும்" என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகும் சாவிக்கொத்தை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது வினை.

அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. தானாகவே எழுந்து தக்காளி சூப் வைத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, முன்னால் இருந்த பாலாடை டப்பாவை எடுத்து அப்படியே சூப்பில் கவிழ்த்தாள். முன்னால் ஏன் இருந்தது? நான் வைத்தேன். பழசல்லவா! புதுசு அதற்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றது. முன்னால் இருப்பது கெட்டுப்போயிருந்தால் அவள் மூக்கு சொல்லிவிடும் என்பதுதானே வழக்கம். மூக்கு போன பிறகும் என் கை வழக்கத்தை விடவில்லை. சூப் புளித்தது. தக்காளிப் புளிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு அன்று கடையில் சரக்கு இறக்கின களைப்பு; ஒரு வாய் ரொட்டியோடு படுத்துவிட்டேன். மச்சான்தான் பாவம், அக்கா ஆசையாகச் செய்தாளே என்று வழித்துக் குடித்தான். "பிரமாதம்" என்றுகூடச் சொன்னான்.

மறுநாள் அவன் பேருந்தை நடுவழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நிறுத்திவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே கழிவறைக்கு ஓடியிருக்கிறான். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு பங்க்கிலும். பயணிகளில் ஒருவர், "தம்பி, இது பஸ்ஸா, இல்ல பங்க் பங்க்கா டீசல் கணக்கெடுக்கிற வண்டியா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தவன், அந்த நிலையிலும் அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

குப்பைத் தொட்டியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மோந்து பாருங்க."

பார்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கா?" என்றாள். "பிரமாதமா?"

டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"இதையே நான் அங்க பண்ணியிருந்தா? அத்தனை பேரும் மெஷின்ல நிக்கறவங்க. சாப்பிட்டுட்டுப் போய் மெஷின்ல கை வைக்கறவங்க." டப்பாவை மறுபடி தொட்டியில் எறிந்தாள். "திங்கட்கிழமை போய்ச் சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன். முடிஞ்சுது. இனிமே இதைப் பத்தி யாரும் பேச வேணாம்."

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். அந்தக் கொத்து அவள் உடம்பில் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். டப்பாவை முன்னால் வைத்த கையை வெட்டிப் போடலாம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். கத்தரிக்காய்க் காம்புகள் நாலாபக்கமும் பார்த்தன. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் புது பீன்ஸ் வந்திருந்தது. பின்னால் அடுக்கினேன். பழசை முன்னால் இழுத்தேன். அடுக்கி முடிக்கவில்லை, பின்வரிசை அம்மா வந்து நின்றார். என் தோளுக்கு மேலாகவே கையை உள்ளே விட்டார். காதுக்குப் பக்கத்தில் வைத்தார். படக்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"போர்டு போட்டிருக்கேன், கண்ணு தெரியலையாம்மா உங்களுக்கு?"

"தெரியுதே. காய்க்கு வலிக்கும்னு போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"முன்னாடி இருக்கிறதும் நல்ல காய்தான்!"

"அவ்வளவு நல்லதுன்னா நீங்க உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்! தினமும் அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக்குத் தயாராக இருந்த முகம் தளர்ந்துவிட்டது.

"ஐயோ பாவம்" என்றார். "உங்களைச் சொல்லலீங்க. உங்க வீட்டுக்காரம்மாவச் சொல்றேன்."

வேண்டிய பீன்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒடிந்த துண்டு இரண்டையும் வழக்கம்போலத் தக்காளி மேல் வைத்துவிட்டுத்தான் போனார். நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது. இத்தனை வருஷத்தில் என் கையால் அவளுக்கு ஒரு புதுக் காய் போனதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்ததும் ஒரு பையை எடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், திருடன் மாதிரி. அப்புறம் முழங்கை வரை உள்ளே விட்டேன். பின்வரிசை பீன்ஸ் கைக்குச் சில்லென்று இருந்தது. வெள்ளரியையும் பின்னாலிருந்தே உருவினேன். முன்வரிசை சரிந்து நாலைந்து வெள்ளரி தரையில் உருண்டது. "ஐயோ, சாரி" என்றேன் யாரிடமோ.

காசு வாங்கும் பெண் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, இது புதுசு."

"தெரியும். போடு."

"உடம்பு சரியில்லையா அண்ணே?"

"போடும்மா, தாயே!"

வீட்டில் அவள் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் தேறி வேலைக்குப் போயிருந்தான். மத்தியானம் வைத்த சோறு அவள் தட்டில் தொடாமலே காய்ந்து கிடந்தது.

"சாப்பிடலையா?"

"பசி இல்ல."

"ஒரு வாய்."

"எதுக்கு? அட்டையைத் தின்னா பசி போயிடுமா?"

சமையலறைக்குப் போனேன். பீன்ஸைக் கழுவிக் கொட்டினேன். ஆத்திரம், அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தேன். இன்னொன்று. இன்னொன்று. யார் மேல் கோபம் என்று தெரியாமல் ஒடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு நறுக்கென்று கடிக்கவும் செய்தேன்.

"என்ன சத்தம் அது?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல. பீன்ஸ்."

"நம்ம வீட்டு பீன்ஸ் அப்படியெல்லாம் சத்தம் போடாதே."

எழுந்து வந்துவிட்டாள். வாசற்படியில் நின்று நான் கடிப்பதைப் பார்த்தாள்.

"பச்சையாவா திங்கறீங்க? வயிறு என்னத்துக்கு ஆகும்? தம்பிக்குத் துணையா நீங்களும் ஒவ்வொரு பங்க்கா ஏறி இறங்கவா? நகருங்க."

என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்தாள். ஒரு பீன்ஸை ஒடித்தாள். நின்றாள். இன்னொன்றை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக ஒடித்தாள்.

"எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"பின்னாடியிருந்து."

"நீங்களா?"

"நான்தான்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உப்புத் தண்ணீர் கொதித்தது. பீன்ஸை அதில் போட்டு, சட்டென்று வடித்துக் குளிர்ந்த நீரில் கொட்டினாள். வாணலியில் எண்ணெய். வெங்காயம் விழுந்ததும் சோவென்று இரைந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வாயை மூடுங்க. கேக்கணும்."

மூடிக்கொண்டேன். அவள் கண்ணையும் மூடிக்கொண்டாள். இரைச்சல் மெல்லத் தணிந்து சடசட என்று ஆனது. "இப்ப தண்ணி வத்திடுச்சு" என்றாள் தனக்குத்தானே. "இது எனக்கு முன்னமே தெரியுமே. எனக்கே தெரியாம தெரிஞ்சிருக்கு." பீன்ஸைக் கொட்டி இரண்டு புரட்டு புரட்டி, எலுமிச்சையைப் பிழிந்து இறக்கினாள். தட்டில் வைக்கிறபோது ஓரத்தைத் துணியால் துடைத்தாள். வெள்ளரியை வட்டம் வட்டமாக நறுக்கி ஒரு பக்கம் சரித்து அடுக்கினாள். வீட்டில் அவள் அப்படி அலங்கரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

உட்கார்ந்து ஒரு பீன்ஸை வாயில் வைத்தாள். நறுக்.

மென்றாள். இன்னொன்று எடுத்தாள். அப்புறம் வெள்ளரி. அப்புறம் சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாசனை வந்துதா?" என்றேன், அடக்க முடியாமல்.

"இல்ல. ஒண்ணும் இல்ல." அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது. "ஆனா அட்டை நறுக்குன்னு ஒடியாதே. வாயில ஏதோ நடக்குது. நான் ஏதோ திங்கறேன்னு தெரியுது."

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து அவள் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். அவள் என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான். தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, இதுல பாலாடை எதுவும் இல்லையே?"

"வந்து உட்காருடா."

பயந்து பயந்து ஒரு வாய் வைத்தான். கண் விரிந்தது. அப்புறம் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. பிரம..."

"அந்த வார்த்தைய இந்த வீட்ல இன்னொரு தடவ கேட்டேன், கரண்டியாலயே போடுவேன். என்னன்னு சொல்லு."

"வெங்காயம் லேசா தீஞ்சிருக்கு" என்றான். "அத்தானுக்கும் தெரியுமே. வாசல்லயே வாடை வந்துச்சு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இத்தனை நாளைக்குப் பிறகு ஒரு கவளம் உள்ளே போயிருக்கிறது, அதையும் கெடுத்தானே பாவி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வாடை வந்துதா?"

"வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீதானே வாயை மூடச் சொன்ன."

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். மெல்ல ஆரம்பித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மச்சானும் சேர்ந்துகொண்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு மூக்கு போனதுகூடப் பெரிய பயம் இல்லீங்க. நீங்க ரெண்டு பேரும் பிரமாதம் பிரமாதம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் பயம். எது நிஜம்னே தெரியல. அங்க போனாலும் எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர்னு இப்படியே பொய் சொல்வாங்களோன்னு பயம்."

"நாங்க உன் மனசு நோகக் கூடாதுன்னு..."

"நோகட்டும். நொந்தா பரவாயில்ல. வெங்காயம் தீஞ்சா தீஞ்சுதுன்னு சொல்லணும்."

"அப்ப பருப்பும் அடிப்பிடிச்சிருந்துச்சுக்கா" என்றான் மச்சான். "ரொட்டியும் கரி. முட்டை ஒரு நாள்..."

"போதும்டா. ரொம்பத்தான் துளிர் விட்டுப் போச்சு உனக்கு."

திங்கட்கிழமை காலை அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். இடுப்பில் சொருகவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள். கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "உண்மையச் சொல்லப் போறேன். அப்புறம் அவங்க பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. தக்காளிக்குப் பக்கத்தில் கேரட்டை அடுக்கிவிட்டேன். காசு வாங்கும் பெண் ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்ல" என்றாள். மாற்றி அடுக்கினேன். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். காலைக் கூட்டம் வந்து போனது.

அப்போது ஒரு காலிப் பெட்டியை அணைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். வெள்ளைக் கேன்டீன் ஏப்ரன். அதன் மேல் இடுப்பில் சாவிக்கொத்து.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே பீன்ஸ் பக்கம் போனாள். முன்வரிசையை ஏறெடுத்தும் பாராமல் முழங்கை வரை உள்ளே விட்டாள். காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். படக்.

"என்ன ஆச்சு?" என்றேன், ஓடிப்போய்.

"அங்க வழக்கமா வர்ற பீன்ஸ் சத்தமே போடல. திருப்பி அனுப்பிட்டேன். மத்தியானத்துக்கு வேணும், பெட்டியப் பிடிங்க."

"அதைக் கேக்கல. சொன்னியா?"

"சொன்னேன். எல்லாரையும் நிக்க வச்சு, எனக்கு மூக்கு போயிடுச்சுன்னு சொன்னேன். ஒருத்தி அழுதா. மேலாளருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, காபிய எடுத்துக் குடிச்சார். பாத்திரம் கழுவுற அக்காதான் வாயைத் திறந்தாங்க. 'நான் மோந்து பாத்துச் சொல்றேன், மாஸ்டர். கெட்டுப் போனா கெட்டுப் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது'ன்னாங்க." அவள் இன்னொன்றை ஒடித்தாள். "மூக்குக்கு ஆள் வச்சுக்கலாம். கைக்கும் காதுக்கும் நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாள் பாக்கலாம்னு மேலாளர் சொல்லியிருக்கார்."

"கொஞ்ச நாள்னா?"

"கொஞ்ச நாள்னா கொஞ்ச நாள். இப்ப மத்தியானச் சாப்பாடு. பெட்டியச் சரியாப் பிடிங்க, சரியுது!"

பிடித்தேன். என் மனைவி என் கண் முன்னாலேயே என் அலமாரியைச் சூறையாடினாள். அள்ளி அள்ளிப் போட்டாள். இடைஞ்சலாக நின்ற பலகையை நானே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஒடித்த துண்டுகளை எங்கே போடுவது என்று பார்த்தாள்.

"தக்காளி மேல வை" என்றேன்.

பெட்டி நிறைந்தது. காசு கொடுத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்து, "சாயங்காலம் வீட்டுக்கும் எடுத்துட்டு வாங்க. பின்னாடியிருந்து" என்றாள். தொழிற்சாலை வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பெருமூச்சு விட்டுக்கொண்டு அலமாரியைச் சரிசெய்யத் திரும்பினால், பின்வரிசை அம்மா நிற்கிறார். கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. துழாவினார். இன்னும் உள்ளே விட்டார், தோள் வரை. முகம் மாறியது. கையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையே?"

"இல்லம்மா" என்றேன். "மாஸ்டர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."